கோகிலவாணி கொடுத்த அரை மணி

பதினொன்று ஐந்துக்குக் கோகிலவாணி அனுமதியைக் கொடுத்துவிட்டாள், பதினொன்று முப்பத்தைந்துக்கு அது தானாகவே பறிபோகும், நடுவில் கிடக்கிற அரை மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது, எதிரே இருக்கிற திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினான் என்று தேடிப் போக வேண்டியதில்லை, எழுதியவளே அவள்தான். ஈரோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற அந்த நாலு மாடி ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் பதினாறு வருஷமாக அவள்தான் பொறுப்பு. நர்ஸுகள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் செக்போஸ்ட் அக்கா. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு, அவளுக்கோ அந்தப் பெயர் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது. இப்போது திரையில் ஒரு சின்ன வெள்ளை அம்பு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அதை நகர்த்துகிறவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிற தாஹிர், லேப் ரிப்போர்ட் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியின் இன்ஜினியர். "மேடம், உள்ள வந்துட்டேன், இப்ப பாக்கறேன்" என்று ஸ்பீக்கரில் குரல் மட்டும் வந்தது. பாருங்கள் தாஹிர், நன்றாகப் பாருங்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். காலை எட்டரையிலிருந்து ரத்தப் பரிசோதனை மெஷின் சொல்கிற முடிவு ஒன்றுகூட ரிப்போர்ட்டாக வெளியே வரவில்லை. மெஷின் பாவம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, முந்நூற்றுச் சொச்சம் முடிவுகள் உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கின்றன, கீழே லேப் வாசலில் அறுபது பேர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அடைப்பை எடுக்க சர்வருக்குள் போக வேண்டும், போவதற்கு அட்மின் அனுமதி வேண்டும். அட்மின் என்றால் வந்தவருக்கு ஹாலில் ஒரு நாற்காலி போடுகிற சமாச்சாரம் இல்லை, சமையலறை, பீரோ, மொட்டை மாடி எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். யாருடைய ரிப்போர்ட்டையும் படிக்கலாம், திருத்தலாம், ஒன்றுமே நடக்காத மாதிரி அழித்துவிட்டும் போகலாம். அதனால்தான் அரை மணி, அதனால்தான் பச்சை அட்டை போட்ட நோட்டில் உள்ளே வந்த நேரம், யார், எதற்கு, வெளியே போன நேரம், கடைசிக் கட்டத்தில் கூட இருந்து பார்த்தவர் கையெழுத்து. முதல் மூன்று கட்டத்தை நிரப்பிவிட்டு பேனாவை மூடி வைத்தாள்.

இன்றைக்கு மட்டும் இந்த வேலை அரை மணிக்குள் முடியாமல் போகட்டும், நாளையிலிருந்து செக்போஸ்ட்டே இருக்காது. நிர்வாக அதிகாரி சென்னியப்பன் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் நிர்வாகம் பார்த்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன்புதான் இங்கே வந்தவர், நல்ல மனுஷர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார், அதுதான் கஷ்டம், சிரித்துக்கொண்டே சொல்கிறவரிடம் சண்டை போட வராது. "ஏனுங்கம்மா, அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரே முட்டா சாவியக் குடுத்துப்போட்டா அவம்பாட்டுக்கு வருவான், சரி பண்ணுவான், போவான். நீங்க எதுக்கு ஒவ்வொரு தடவையும் காவலுக்கு உக்காரணும்? நானும் லெட்டர் அடிச்சு வெச்சுட்டேன், இன்னைக்கு லேட்டாச்சுன்னா கையெழுத்துப் போட்டிருவேனுங்க" என்று காலையில் காபி டம்ளரோடு நின்று சொன்னார். அவருக்குத் தெரியாது, அவர் அப்போது இங்கே இல்லை. போன வருஷம் வேறொரு கம்பெனிக்காரருக்கு இன்றைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்த அனுமதியை யாரும் திரும்ப வாங்கவில்லை. கொடுத்தவளும் கோகிலவாணிதான், வாங்க மறந்தவளும் அவள்தான், அன்று மாலை மகளின் பள்ளியில் ஆண்டு விழா, ஓடிவிட்டாள். எட்டு மாதம் அந்தக் கதவு சும்மா சாத்திய மாதிரி கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் அது வழியாக வந்து நோயாளிகள் பட்டியல் முழுவதையும் பூட்டி வைத்துவிட்டுப் போனான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியே துண்டுச் சீட்டில் நடந்தது. ஐந்தாம் நம்பர் படுக்கைக்காரருக்குப் போக வேண்டிய மருந்து ஆறாம் நம்பருக்குப் போய், அந்தப் புண்ணியவதி மருந்தை வாயில் போடப் போகிற நேரத்தில், "இது என்ற மாத்திரை இல்லீங், என்றது மஞ்சளு" என்று சொன்னதால் தப்பித்தது. அந்த மஞ்சள் மாத்திரைக்கார அம்மாளின் முகம் இன்னும் கோகிலவாணிக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து இந்தச் சட்டத்தை எழுதினாள். எழுதும்போது யாருக்கும் விலக்கு வைக்கவில்லை, தனக்குக்கூட. அவளும் மற்ற நேரத்தில் சாதாரண ஆள்தான், அட்மின் வேண்டுமென்றால் அவளும் காரணம் எழுதி அரை மணிக்குத்தான் வாங்க வேண்டும். அதை எழுதிய அன்று தன்னைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அம்பு ஒரு ஃபோல்டரைத் திறந்தது, மூடியது. மணி பதினொன்று பத்து. தாஹிர் எதையோ தேடுகிறார், சாவி எங்கே வைத்தோம் என்று ஹேண்ட்பேக்கைக் கிளறுகிற மாதிரி தேடுகிறார். சாவி. கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாவி எங்கே? ஹேண்ட்பேக்கில் இல்லை. ஹேண்ட்பேக்கில் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் காலை எட்டே முக்காலுக்கு லேப்பிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்க, சமையலறைக் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீராக இருக்க, வரச்சொல்லியிருந்த பிளம்பர் அந்த நேரம் பார்த்து வந்து நிற்க, "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்ல, அவள் வீட்டுச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு ஸ்கூட்டியில் பறந்து வந்துவிட்டாள். அதுவும் மாற்றுச் சாவி இல்லை. மெயின் சாவி. வீட்டில் ஆள் கிடையாது, கணவர் சங்ககிரியில் லாரி ஆபீஸுக்குப் போயாகிவிட்டது, மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். பிளம்பர் பெயர் பொங்கியண்ணன். பெயரைத் தவிர அவளுக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? நீல சட்டை, காதில் பென்சில், ரப்பர் செருப்பு. ஒருதரம் மொட்டை மாடித் தொட்டிக்கு வால்வு மாற்றினார், அவ்வளவுதான். கம்பெனியின் கடிதம், அடையாள அட்டை, காரணம், லேப் டாக்டரின் சம்மதம் இத்தனையும் வாங்கிக்கொண்டு ஒரு இன்ஜினியரை அரை மணிக்கு உள்ளே விட்டு அவர் அம்பை வைத்த கண் வாங்காமல் பார்க்கிற பொம்பளை, காதில் பென்சில் சொருகிய ஆளிடம் வீட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எவ்வளவு நேரத்துக்கு? சொல்லவில்லை. சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும்? அதையும் சொல்லவில்லை. கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது, இரண்டும் ஒன்றாக வரும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

செல்போன் டிராயரில் கவிழ்ந்து கிடந்தது. எடுக்கக் கூடாது. எடுத்தால் ஒரு நிமிடம், பொங்கியண்ணா வேலை ஆயிடுச்சுங்களா என்று ஒரே ஒரு வார்த்தை, யாருக்குத் தெரியப் போகிறது? அவளுக்குத் தெரியும், அதுதான் தொல்லை. அந்த ஒரு நிமிடத்தில் தாஹிர் ஒன்றும் செய்துவிட மாட்டார், ஆனால் தாஹிர் செய்துவிட மாட்டார் என்பதற்காக எழுதிய சட்டமா அது? சரி, போன் வேண்டாம். வீட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தாள். பீரோ பூட்டித்தான் இருக்கிறது, ஆனால் பீரோ சாவி பீரோவிலேயே தொங்குகிறது, வழக்கமாக அங்கேதான் தொங்கும், தேட வேண்டாம் பாருங்கள். உள்ளே தாலிக்கொடி போக மிச்சமிருக்கிற நகை, மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு சர்ட்டிஃபிகேட். அதைவிட, அய்யய்யோ, நாற்காலி முதுகில் நேற்றைய நைட்டி. தொட்டியில் கழுவாத பாத்திரம், பொங்கியண்ணன் குழாயைக் கழற்ற அந்தப் பாத்திரத்தை எல்லாம் எடுத்துக் கீழே வைக்க வேண்டுமே, குக்கரில் வேறு அடிப்பிடித்த பருப்பு. நகையைக் கொண்டு போனாலும் போகட்டும், அந்தக் குக்கரைத் திறந்து பார்க்காமல் இருந்தால் சரி என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் ஃப்ரிட்ஜ் கதவில் வைஃபை பாஸ்வேர்ட் எழுதி ஒட்டியிருக்கிறது, அது மகள் ஒட்டியது, கிழிக்கச் சொல்லி நூறு தடவை சொல்லியாயிற்று. பாஸ்வேர்ட் என்றதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காலண்டர். சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர். சட்டம் எழுதிய புதிதில், ஒரே நாளில் இரண்டாம் தடவை அட்மின் வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும், ஆளுக்குப் பாதி பாஸ்வேர்ட், ஒருவர் பாதி இன்னொருவருக்குத் தெரியக் கூடாது, எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்று அழகாக எழுதிவிட்டு, தன் பாதி மனசில் நிற்காமல் அந்தக் காலண்டர் தாளில் பென்சிலால் எழுதினாளே, அந்தத் தாளைக் கிழித்தாளா?

கிழித்தாள். கிழித்ததில்தான் கறிவேப்பிலை மடித்து எதிர்வீட்டு ருக்குமணியக்காவுக்குக் கொடுத்தாள். அப்படியென்றால் ருக்குமணியக்கா வீட்டில் இருக்கிறது. இல்லை, அது வேறு தாள், அது ஆடி மாசத் தாள். அம்பு நின்றுவிட்டது, "மேடம், ஒரு செகண்ட்" என்றார் தாஹிர், "சரிங்க" என்றாள், மனம் காலண்டரை விடவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளில் எழுதினாள், கிழித்து, குப்பைத் தொட்டியில் போட்டு, போட்டதை மறுபடி எடுத்து நாலாகக் கிழித்து, அதையும் நம்பாமல் அடுப்பில் காட்டிக் கொளுத்தினாள், கணவர் வந்து பார்த்து, "என்ன கோகிலா, யார்கிட்ட இருந்து லெட்டர்?" என்று கேட்டார். ஆமாம், கேட்டார், இரண்டு நாள் அதை வைத்தே ஓட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் இன்னொன்று நினைவு வந்தது, மாதம் ஒருமுறை பாதிகளை மாற்றிவிடுகிறார்களே, அந்தப் பழைய பாதி யார் கையில் கிடைத்தால்தான் என்ன, சுவரில் பெயிண்ட் அடித்து எழுதி வைத்தாலும் இன்றைக்கு அதற்கு மதிப்பில்லை. இது தெரிந்தும் நாலு நிமிடம் வேர்த்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அவளுக்கே கேலியாக இருந்தது. புதிய பாதியை எங்கேயும் எழுதவில்லை. தன்னுடையது மனசில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இருந்தது. மற்ற பாதி சென்னியப்பனிடம் இருக்கிறது, மூன்று வாரத்துக்கு முன் மாற்றியபோது ஒரே ஒருதரம் அடித்துப் பார்த்தார், அதற்கப்புறம் அவர் அதைத் தொட்டதே இல்லை.

அம்பு நோயாளிகளின் பெயர்கள் இருக்கிற ஃபோல்டர் மேல் போய் நின்றது. மணி பதினொன்று பதினெட்டு. "அது எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டாள், குரல் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. "சாரி மேடம், கை தவறிப் போச்சு, பக்கத்து ஃபோல்டர் வேணும். நீங்க பாத்துட்டிருக்கீங்கன்னு நினைச்சாலே டைப் எல்லாம் தப்பாகுது" என்றார் தாஹிர், சொல்லிவிட்டுச் சிரித்தார், நாற்பது வயதிருக்கும் குரல், பின்னால் யாரோ அவரிடம் டீ வேண்டுமா என்று கேட்பது கேட்டது. கோகிலவாணிக்குச் சங்கடமாகப் போயிற்று. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தால் கை எப்படி நடுங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போடச் சொல்லி இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, அதுவரை தெருவில் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஓட்டியவள், அவரைப் பார்த்ததும் எட்டைப் பாதியில் விட்டுவிட்டு நேரே வேப்பமரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்று தடவை. மூன்றாம் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார் என்று கணவர் இன்றைக்கும் சொல்லுவார். பார்ப்பது என்றாலே சந்தேகப்படுவது என்றுதானே தாஹிர் நினைப்பார்? சந்தேகம்தானா அது? தாஹிர் மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நல்ல மனுஷராகத்தான் தெரிகிறார். அப்படியென்றால் பொங்கியண்ணன் மேல் மட்டும் எதற்குச் சந்தேகம்? அவரை யாரும் பார்க்கவில்லை, அதனால். பார்க்காமல் விட்டவள் அவள், சந்தேகம் மட்டும் அவர் தலையிலா? இது என்ன நியாயம் என்று கேட்டுக்கொண்டாள். அதற்குள் இன்டர்காம் அடித்தது, லேப் தலைவி டாக்டர் புஷ்கலா. "கோகிலா, இங்க ஒருத்தர் டேபிள் மேல ஏறி உக்காந்துட்டார். எப்ப வரும்?" என்றார். "வந்துரும் டாக்டர்" என்றாள். எப்போது என்று அவளுக்கும் தெரியாது, ஆனாலும் அந்த வார்த்தை தெம்பாகத்தான் வெளியே வந்தது.

"மேடம், புடிச்சுட்டேன்" என்றார் தாஹிர். மணி பதினொன்று இருபத்தாறு. ஒரே ஒரு சாம்பிளின் நம்பர் இரண்டு தரம் பதிவாகியிருக்கிறது, மெஷின் அதிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, பின்னால் உள்ளதெல்லாம் நகரவில்லை. கோகிலவாணிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது, நாற்காலியை விட்டு எழக் கூடாது என்பதால் உட்கார்ந்தபடியே காலை ஆட்டினாள். அந்த ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார், முடிவுகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன, திரையில் எண் ஏறியது, பன்னிரண்டு, பதிமூன்று, அய்யோ இவ்வளவு மெதுவாகவா, இருபத்தொன்று. சமையலறைத் தண்ணீர் இந்நேரம் ஹாலுக்கு வந்திருக்குமோ? நாற்பது. பொங்கியண்ணன் வேலையை முடித்துவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போயிருந்தால்? பீரோவுக்கு ஒரு சாவி தொங்குகிறது, வாசலுக்கு ஒரு சாவி தொங்குகிறது, திருடனுக்கு வேலையே வைக்காத வீடு. தொண்ணூறு. கணவர் கேட்பார், சாவியை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்பார், போன மாதம் அவர் ஏ.டி.எம். நம்பரைத் தம்பியிடம் சொன்னதற்கு இவள் நடத்திய விசாரணை என்ன, வாங்கிய வாக்குமூலம் என்ன, இப்போது அவர் முறை. நூற்று ஐம்பது. இதே வேகத்தில் போனால் முந்நூற்று நாற்பதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டாள், போட்டதும் காலாட்டம் நின்றது. "தாஹிர், முப்பத்தஞ்சுக்குள்ள முடியாதுங்களே" என்றாள். "முடியாது மேடம். இன்னும் பத்து நிமிஷம் குடுங்க. நடுவுல கட்டானா இவ்வளவும் திரும்ப முதல்ல இருந்து ஓடணும், ஒரு மணி நேரம் ஆயிரும்." மணி பதினொன்று முப்பத்திரண்டு. நீட்டிப்பு என்கிற பட்டனை அழுத்தினாள். திரை அவளைப் பார்த்து, உங்கள் நேரம் முடிந்தது என்றது. அவருக்கு அனுமதி கொடுப்பதற்கே அவள் முதலில் தனக்கு அட்மின் வாங்க வேண்டியிருந்தது, அதனால் அவளுடைய அரை மணி அவருடையதற்கு மூன்று நிமிடம் முன்னாலேயே தொடங்கியிருந்தது, தொடங்கிய மாதிரியே மூன்று நிமிடம் முன்னால் முடிந்துவிட்டது. அவள் எழுதிய கதவு அவளையே வெளியே நிறுத்திவிட்டது, யாருக்கும் விலக்கு இல்லை. இனி ஒரே வழிதான், இரண்டு பாதி.

இன்டர்காமை எடுத்தாள்.

"சார், உடனே மேல வரணுங்க. உங்க பாதி பாஸ்வேர்ட் வேணும், மூணு நிமிஷம்தான் இருக்கு."

"நான் சொன்னனில்லீங்களா, இப்படித்தான் ஆகுமுன்னு" என்று சிரித்தார் சென்னியப்பன். "மாடி ஏறி வர்றதுக்குள்ள மூணு நிமிஷம் போயிருமுங்க. போன்லயே சொல்றேன், நீங்களே அடிச்சுக்குங்க. எழுதிக்குங்க, முதல்ல பெரிய..."

"சொல்லாதீங்க சார்!"

அவள் போட்ட சத்தத்தில் சென்னையில் தாஹிரே திடுக்கிட்டிருப்பார். அவர் சொல்ல வந்த வார்த்தை காதுக்கு அரையங்குல தூரத்தில் நின்றது. கேட்டுக்கொண்டால் போதும், பத்து விநாடி வேலை, ரிப்போர்ட் வரும், டேபிள் மேல் உட்கார்ந்தவர் இறங்குவார், லெட்டர் கையெழுத்தாகாது, சட்டம் பிழைக்கும். பிழைக்குமா? இரண்டு பாதியும் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிற இடத்தில் எது பிழைத்து என்ன? அந்த மஞ்சள் மாத்திரை அம்மாள் நினைவுக்கு வந்தாள்.

"நீங்களேதான் வரணுங்க சார். வேற வழி இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் வந்தார். கீழ் மாடிதான், ஆனாலும் அறுபத்திரண்டு வயசு, மூச்சு வாங்கியது, முகத்தில் சிரிப்பு இல்லை. அவரை முதல்முறையாகச் சிரிப்பில்லாமல் பார்த்ததில் அவளுக்குப் பயமாகவே இருந்தது. முப்பத்து மூன்றரை. அவள் தன் பாதியை மடமடவென்று அடித்துவிட்டு எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள், திரையைப் பார்க்க இப்போது அவர் இருக்கிறார் என்று, கொடுத்த கையோடு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"ஏனுங்கம்மா, அந்தப் பக்கம் என்ன பாக்கறீங்க?"

"உங்க பாதிய நான் பாக்கக் கூடாதுங்க சார்."

நாற்காலி கிரீச்சிட்டது. அப்புறம் ஒற்றை விரலால் டக், டக் என்று அடிக்கிற சத்தம். தப்பு என்று கம்ப்யூட்டர் பீப் போட்டது. மறுபடியும் டக், டக். மறுபடியும் பீப். மூன்றாம் தரமும் தப்பானால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும், அதையும் எழுதியவள் அவள்தான். இதைவிடக் கடுமையாக இன்னொரு வரி எழுதாமல் விட்டேனே என்று அவளுக்கு அந்த நேரத்திலும் ஆறுதலாக இருந்தது.

"சரியாத்தானுங்க அடிக்கறேன். மூணு வாரமா தினமும் குளிக்கறப்ப சொல்லிப் பாத்துக்கறனுங்க" என்றார். குரலில் குழந்தைக்கு வருகிற பதற்றம்.

குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறாரா? கோகிலவாணிக்குத் திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, திரும்பவில்லை. சுவரில் இருந்த தீயணைப்புப் படத்தைப் பார்த்தபடியே யோசித்தாள். "சார், கீபோர்டுல மேல பச்சையா ஒரு சின்ன லைட்டு எரியுதுங்களா?"

"எரியுதுங்க."

"இடது ஓரம் கேப்ஸ் லாக்குன்னு ஒண்ணு இருக்கும், கை பட்டிருக்கும், அதை ஒருக்கா அமுத்துங்க. லைட்டு அணைஞ்சதும் அடிங்க."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் புஷ்கலா நுழைந்தார். "இங்க என்னதான் நடக்குது? கீழ ஜனங்க..." என்று ஆரம்பித்தவரைச் சென்னியப்பன் இடது கையால் கீபோர்டை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. இது என்ற பாதி."

முப்பது வருஷ அனுபவமுள்ள டாக்டர் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பினார். இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தீயணைக்கும் முறைகளைப் படித்துக்கொண்டிருக்க, பின்னால் டக், டக், டக் என்று எட்டுத் தட்டல் கேட்டது. பீப் வரவில்லை. "மேடம், எனக்கு நேரம் கூடியிருக்கு!" என்று ஸ்பீக்கரில் தாஹிர் கத்தினார். மணி பதினொன்று முப்பத்து நான்கு, நாற்பது விநாடி.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. இருநூறு, இருநூற்று எண்பது, முந்நூற்று நாற்பத்திரண்டு. கீழே மூன்று பிரிண்டரும் ஒன்றாக ஓட ஆரம்பித்த சத்தம் மாடிப்படி வழியாக ஏறி வந்தது, அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் சமீபத்தில் கேட்டதில்லை. டாக்டர் புஷ்கலா ஓடினார். "நீங்க பாத்துட்டே இருந்ததும் நல்லதுக்குத்தான் மேடம், நாளைக்கு எதாவது ஒண்ணு மாறியிருந்தா நான் தொடலேன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தாஹிர் வெளியேறினார், டீ ஆறிப் போயிருக்கும். கோகிலவாணி பச்சை நோட்டில் வெளியே போன நேரத்தை எழுதினாள், பதினொன்று நாற்பத்தொன்று. கையெழுத்துக் கட்டத்தில் பேனாவை வைக்கப் போனபோது சென்னியப்பன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார், எழுந்திருக்கிற உத்தேசமே இல்லை.

"ஏனுங்கம்மா, என்ற பாதி இல்லாம இத யாராலயும் திறக்க முடியாதுங்களா?"

"முடியாதுங்க சார்."

"உங்களாலயும்?"

"என்னாலயுந்தானுங்க."

"நாளைக்கு நான் பழனிக்குப் போலாம்னு இருந்தேன்" என்றார். கீபோர்டை நேராக நகர்த்தி வைத்தார். "போகலீங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்." எழுந்து, நோட்டை அவள் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்து, அவள் கையெழுத்துக்கு இடம் விட்டுக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். "அந்த லெட்டர என்ற டேபிள்ல இருந்து எடுத்துக் கிழிச்சுப்போடச் சொல்றேன். ஆனா ஒண்ணுங்க, போன்ல சொல்றேன்னு நான் சொன்னத வெளிய சொல்லிராதீங்க." சிரிப்பு திரும்பி வந்திருந்தது. கதவு வரை போனவர் நின்று, விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய, படியிறங்கிப் போனார். கோகிலவாணிக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் டிராயரைத் திறந்தாள். ருக்குமணியக்காவிடமிருந்து ஆறு அழைப்பு. ஆறா? நைட்டி, குக்கர், பீரோ, சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நெஞ்சுக்குள் வந்தன. உடனே திரும்ப அழைத்தாள்.

"ஏம் புள்ள கோகிலா, நீ பாட்டுக்கு சாவியக் குடுத்துட்டுப் போயிட்டே" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார் ருக்குமணியக்கா. "அந்தப் பிளம்பரு உள்ளயே போகமாட்டேனுட்டான். நேரா எங்க வீட்டுக்கு வந்து, ஆளில்லாத வீட்டுக்குள்ள நான் தனியாப் போகமாட்டேங்கக்கா, நீங்க வந்து கூட உக்காருங்கங்கறான். போன வருஷம் யார் வீட்லயோ மோதரம் காணோம்னு இவன ரெண்டு நாளு அலைய விட்டுட்டாங்களாம், கடைசில அது வாஷிங் மெஷின்ல கெடந்துதாம். அடுப்புல கொழம்ப வெச்சுட்டு உன்ற சமையக்கட்டுல ஒன்றரை மணி நேரம் நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போகவும் விடல. போன் வந்தா எடுக்கவும் விடல, இங்கயே பாருங்கக்கா, இங்கயே பாருங்கக்கான்னு."

கோகிலவாணிக்குத் தொண்டை வரை சிரிப்பு வந்து நின்றது. "வேலை முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது. சாவி எங்கிட்டத்தான் இருக்கு. அப்பறம் இன்னொண்ணு கேளு. காதுல இருந்து பென்சில எடுத்து, உன்ற காலண்டர்ல வந்த நேரம், போன நேரமெல்லாம் எழுதிட்டு, கீழ என்னையக் கையெழுத்துப் போடச் சொன்னான், புள்ள. நானும் போட்டுட்டேன். எதுக்குன்னுதான் தெரியல."